நெரிசலில் மட்டும் சூடாகும் கார்: எந்த வரிசையில் பார்ப்பது, எதற்குச் செலவு செய்வது

வேகமாகப் போகும்போது டெம்பரேச்சர் முள் நடுவிலேயே நிற்கிறது. நெரிசலில் மாட்டிப் பத்து நிமிடம் ஊர்ந்தால் மேலே ஏறத் தொடங்குகிறது. வழி கிடைத்துக் கொஞ்ச தூரம் ஓடினால் தானாக இறங்கிவிடுகிறது. உங்கள் கார் இப்படிச் செய்கிறது என்றால், எதிலும் கை வைப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

என் காரில் இந்தத் தொல்லை நான்கு மாதம் நீடித்தது. முதலில் கூலன்ட், அதாவது இன்ஜினைச் சுற்றி ஓடிக் குளிர்விக்கும் திரவத்தை மாற்றினேன். பிறகு, சூடேறியதும் திறந்து அந்தத் திரவத்தை ரேடியேட்டருக்கு விடும் தெர்மோஸ்டாட். அப்புறம், அந்தத் திரவத்தின் சூட்டைக் காற்றில் விடும் ரேடியேட்டரையே புதிதாகப் போட்டேன். மூன்று முறை ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். மூன்று முறையும் "ஃபேன் ஓடுகிறதே" என்றார்கள். அவர்கள் பார்த்த நேரத்தில் அது ஓடியது உண்மைதான். ஆனால் ஃபேன் மோட்டார் நன்றாகச் சூடேறிய பிறகு ஒருமுறை நின்றால் மறுபடி கிளம்பவில்லை. அந்த நிலையில் யாரும் அதைப் பார்க்கவில்லை. நான் செலவழித்த மொத்தத்தில் அந்த மோட்டாரின் விலை மிகச் சிறிய பங்கு. நீங்களும் அந்தச் சுற்றில் மாட்டக் கூடாது என்றுதான் இதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன். காசு ஆகாத சோதனைகள் முதலில், பெரிய செலவு வைக்கும் வேலைகள் கடைசியில்.

ஒரே ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும். வண்டி நின்றால் அந்த வேலை முழுவதும் ஃபேனின் தலையில் விழுகிறது. நிற்கும்போது மட்டும் சூடாகிறது என்றால் சந்தேகம் முதலில் ஃபேன் மீதும், ரேடியேட்டருக்குள் காற்று போகும் வழி மீதும் விழ வேண்டும்.

1. முள் ஏறிக்கொண்டிருக்கிறது, இப்போது என்ன செய்வது?

ஏசியை அணையுங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, உள்ளே காற்று வரும் வேகத்தையும் முழுதாக வையுங்கள். வெயில் நேரத்தில் இது கொடுமையாக இருக்கும், ஜன்னலைத் திறந்துவிட்டுப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஹீட்டருக்குள் இருப்பதும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். இன்ஜின் சூட்டில் ஒரு பகுதி அதன் வழியாக வெளியே போய்விடும். முன்னால் நிற்கும் வண்டியோடு ஒட்டி நிற்காதீர்கள், அதன் புகைக்குழாயின் சூடு நேராக உங்கள் ரேடியேட்டரில் அடிக்கும்.

அப்படியும் முள் சிவப்பைத் தொட்டாலோ, சிவப்பு விளக்கு எரிந்தாலோ, பானட் ஓரத்தில் ஆவி தெரிந்தாலோ, ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்துவிடுங்கள். "வீடு பக்கம்தானே, போய்விடலாம்" என்று ஓட்டுவதுதான் இந்தக் கோளாறில் ஆகப் பெரிய செலவை இழுத்து வருகிறது. இன்றைய இன்ஜின்கள் பெரும்பாலானவற்றின் மேல்தலை அலுமினியத்தால் ஆனது. சூடு மிஞ்சினால் அது வளைந்துவிடும். அதன் பிறகு, அதற்கும் இன்ஜின் உடலுக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் என்ற அடைப்புத் தகடு தாங்காது.

அடுத்த அரை மணி நேரம், முடிந்தால் ஒரு மணி நேரம், ரேடியேட்டர் மூடியிலும் கூலன்ட் தொட்டியின் அழுத்த மூடியிலும் கை வைக்காதீர்கள். உள்ளே 100 டிகிரியைத் தாண்டிய திரவம் அழுத்தத்தில்தான் கொதிக்காமல் இருக்கிறது. மூடியைத் தளர்த்திய கணத்தில் முழுவதும் கொதித்து முகத்தில் பீறிடும். துணி சுற்றித் திறந்தாலும் இதே கதிதான். கொதிக்கும் இன்ஜின் மேல் குளிர்ந்த தண்ணீரை ஊற்றுவதும் கூடாது, உலோகம் விரிசல் விடலாம்.

2. காகிதமும் பேனாவும் எடுங்கள்

வண்டியைத் திறப்பதற்கு முன், ஒரு வாரம் குறிப்பு எழுதுங்கள். தேதி, வெளியே எவ்வளவு வெயில், ஏசி போட்டிருந்தீர்களா, எத்தனை நிமிடம் நின்ற பிறகு முள் ஏறியது, மறுபடி ஓடியதும் எவ்வளவு நேரத்தில் இறங்கியது. ஐந்தாறு வரிகள் போதும். மெக்கானிக்கிடம் "அடிக்கடி சூடாகுது" என்று சொல்வதற்கும் "ஏசி போட்டு எட்டு நிமிடம் நின்றால் ஏறுகிறது, 50 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு நிமிடம் போனால் இறங்குகிறது" என்று சொல்வதற்கும் ஒர்க்‌ஷாப் பில்லில் வித்தியாசம் தெரியும்.

இந்தக் குறிப்பிலிருந்தே பாதி விடை கிடைத்துவிடும்:

- நிற்கும்போது ஏறி, ஓடும்போது இறங்கினால்: ஃபேன், அல்லது அடைபட்ட காற்றுவழி.
- நெடுஞ்சாலை வேகத்திலும் மேடேறும்போதும் ஏறினால்: ரேடியேட்டர் உள்அடைப்பு, தெர்மோஸ்டாட், கூலன்டைச் சுற்ற வைக்கும் வாட்டர் பம்ப்.
- கிளம்பிய சில நிமிடங்களிலேயே ஏறினால்: கூலன்ட் குறைவு, மூடியபடி சிக்கிய தெர்மோஸ்டாட், அல்லது ஹெட் கேஸ்கெட்.
- நிற்கும்போது ஹீட்டரில் குளிர்ந்த காற்று வந்துகொண்டே முள் ஏறினால்: கூலன்ட் குறைந்திருக்கிறது, அல்லது உள்ளே காற்று மாட்டியிருக்கிறது.

கூடவே காரின் உரிமையாளர் கையேட்டையும் பழைய சர்வீஸ் பில்களையும் தேடி எடுங்கள். கையேட்டில் உங்களுக்கு வேண்டியவை மூன்று: எந்த வகைக் கூலன்ட், மொத்தம் எத்தனை லிட்டர், ஃபேனின் ஃபியூஸும் ரிலேயும் (ஃபேனுக்கு மின்சாரத்தை விடும் தானியங்கி சுவிட்ச்) எந்தப் பெட்டியில் எந்த இடத்தில். பில்களில் கூலன்ட், தெர்மோஸ்டாட், டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப் கடைசியாக எப்போது மாறின என்று பாருங்கள். வாரன்ட்டி மிச்சம் இருந்தால் இதற்கு மேல் நீங்களாக எதையும் கழற்ற வேண்டாம், நேராக 9ஆம் படிக்குப் போய்விடுங்கள்.

முள்ளை மட்டும் நம்ப வேண்டாம் என்றும் சொல்ல வேண்டும். பல கார்களில் கூலன்ட் 80 டிகிரியில் இருந்தாலும் 100 டிகிரியில் இருந்தாலும் முள் ஒரே இடத்தில் நிற்கும்படிதான் அமைத்திருக்கிறார்கள். அது நகர்ந்து நம் கண்ணில் படும்போது சூடு ஏற்கனவே எல்லை தாண்டியிருக்கும். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் செருகும் சின்ன ஸ்கேனர் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை. கூலன்டின் உண்மையான சூடு கைபேசியில் எண்ணாகவே தெரியும். கோளாறுக் குறியீடு பதிவாகியிருந்தால் அதையும் காட்டும். பி0480 என்றால் ஃபேன் மின்சுற்று. பி0128 என்றால் இன்ஜின் போதிய சூட்டை எட்டவில்லை, பெரும்பாலும் திறந்தபடி நின்றுவிட்ட தெர்மோஸ்டாட். பி0115 முதல் பி0118 வரை கூலன்ட் சூட்டை அளக்கும் சென்சார். பி0217 என்றால் இன்ஜின் அளவு மீறிச் சூடாகியிருக்கிறது.

3. ஆறிய இன்ஜினில் கூலன்ட் அளவு

காலையில், வண்டியை எடுப்பதற்கு முன். தொட்டியில் கூலன்ட் மினிமம், மேக்ஸிமம் கோடுகளுக்கு நடுவே இருக்க வேண்டும். ரேடியேட்டரிலேயே தனி மூடி இருந்தால் அதையும் திறந்து பாருங்கள், கூலன்ட் வாய்வரை நிற்க வேண்டும். தொட்டி நிறைந்து ரேடியேட்டர் காலியாக இருப்பதும் நடக்கும். அப்படியானால் மூடியிலோ நடுவில் இருக்கும் மெல்லிய குழாயிலோ பழுது.

குறைந்திருந்தால் ஊற்றிவிட்டு மறந்துவிடாதீர்கள். மூடிய சுற்றில் ஓடும் திரவம் காரணமில்லாமல் குறையாது. குழாய்கள் இணையும் இடம், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் ஓரங்கள், வாட்டர் பம்ப்புக்கு அடியில், முன் பயணி இருக்கைக்கு முன்னால் தரைவிரிப்பில் என்று எல்லா இடத்திலும் கையை வைத்துப் பாருங்கள். காய்ந்த கூலன்ட் வெள்ளையாகவோ, பச்சையாகவோ, இளஞ்சிவப்பாகவோ உப்புப் பூத்தது போலப் படிந்திருக்கும். இனிப்பு வாசனை வரும். தரைவிரிப்பு ஈரமாக இருந்து கண்ணாடியும் உள்பக்கம் பிசுபிசுப்பாகப் பனித்தால், ஹீட்டருக்குள் இருக்கும் குட்டி ரேடியேட்டர் ஒழுகுகிறது.

4. ஃபேன்: இங்கே அவசரப்படாதீர்கள்

இந்தப் படிக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். என் நான்கு மாதமும் வீணானது இதை அரைகுறையாகப் பார்த்ததால்தான்.

முதலில் எச்சரிக்கை. மின்சார ஃபேன் இன்ஜின் அணைந்திருக்கும்போதும் திடீரென்று சுழலத் தொடங்கும். கையை நீட்டுவதற்கு முன் சாவியை எடுத்துவிடுங்கள். இறக்கையைத் தொடும் வேலை என்றால் பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பையும் கழற்றிவிடுங்கள். தொங்கும் சட்டைக் கை, துப்பட்டா, கழுத்துச் சங்கிலி எதுவும் பக்கத்தில் வரக் கூடாது.

அ) இன்ஜினை ஓடவிட்டு ஏசியை முழுக் குளிர்ச்சியில் போடுங்கள். பெரும்பாலான கார்களில் ஒரு நிமிடத்துக்குள் ஃபேன் சுழல வேண்டும். இரண்டு ஃபேன் இருந்தால் இரண்டையும் பாருங்கள். ஒன்று மட்டும் ஓடிக்கொண்டிருப்பதைக் கேட்டுவிட்டு "ஓடுகிறது" என்று முடிவு கட்டுவது வழக்கமான தவறு.

ஆ) ஏசியை அணைத்துவிட்டு, வண்டியை நின்ற இடத்திலேயே ஓடவிடுங்கள். ஸ்கேனரில் சூடு ஏறுவதைப் பாருங்கள். காருக்குக் கார் மாறினாலும், பொதுவாக 95 முதல் 105 டிகிரிக்குள் ஃபேன் கிளம்ப வேண்டும், சில டிகிரி இறங்கியதும் நிற்க வேண்டும். ஒருமுறை கிளம்பியதைப் பார்த்துவிட்டுப் பானட்டை மூடாதீர்கள். கிளம்பி, நின்று, மறுபடி கிளம்புவதைக் குறைந்தது ஐந்து சுற்றாவது பாருங்கள். 110 டிகிரியைத் தாண்டியும் கிளம்பவில்லை என்றால் சோதனையை நிறுத்தி இன்ஜினை அணையுங்கள்.

என் காரில் நான்காவது சுற்றில்தான் அது மாட்டியது. முதல் மூன்று முறையும் ஃபேன் ஒழுங்காகச் சுழன்று நின்றது. நான்காவது முறை எண் 99ஐத் தொட்டதும் பெட்டிக்குள் ரிலே 'டிக்' என்றது. ஃபேன் அசையவில்லை. 101, 103 என்று எண் ஏறிக்கொண்டே போனது. துடைப்பக் கட்டையின் நுனியால் மோட்டாரின் முதுகில், இறக்கையில் படாமல், லேசாக ஒரு தட்டுத் தட்டினேன். உடனே உறுமிக்கொண்டு சுழலத் தொடங்கியது. தட்டினால் ஓடும் மோட்டாருக்கு உள்ளே, மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ் பெரும்பாலும் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அதற்கு மேல் அந்த மோட்டாரை நம்ப முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

இ) ஃபேன் கிளம்பவே இல்லை என்றால் வரிசையாகப் போங்கள். ஃபியூஸ் எரிந்திருக்கிறதா? எரிந்திருந்தால் அதே ஆம்பியரில் புதியது போடுங்கள், பெரியதைப் போட்டால் ஒயர் எரியும். புதியதும் எரிந்தால் மோட்டார் இறுகியிருக்கலாம், அல்லது ஒயர் எங்கோ உரசுகிறது. அடுத்தது ரிலே. அதே பெட்டியில் ஹாரனுக்கோ வேறு எதற்கோ இதே எண் போட்ட ரிலே இருக்கும். இரண்டையும் இடம் மாற்றிப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை. பிறகு மோட்டாருக்குப் போகும் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருந்தாலோ, ஊசிகளில் பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தாலோ மின்சாரம் அங்கேயே தடைபடுகிறது.

ஈ) கனெக்டர் நன்றாக இருந்தால், ஃபேன் ஓட வேண்டிய சூட்டில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். அங்கே சுமார் 12 வோல்ட் வந்தும் ஃபேன் ஓடவில்லை என்றால் பழுது மோட்டாரில். வோல்ட்டே வரவில்லை என்றால் ரிலே, ஒயர், சென்சார், கட்டுப்பாட்டுப் பெட்டி இவற்றில் ஒன்று. இரண்டு ஒயர் மட்டும் உள்ள சாதாரண மோட்டாருக்கு, இன்ஜினை அணைத்துவிட்டு, ஃபியூஸ் வைத்த ஒயரால் பேட்டரியிலிருந்து நேராக மின்சாரம் கொடுத்தும் பார்க்கலாம். கனெக்டரில் மூன்று, நான்கு ஒயர் இருந்தால் இதைச் செய்யாதீர்கள். வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பகுதி கருகிவிடும்.

உ) இரண்டு வேகத்தில் ஓடும் ஃபேன்களில் குறைந்த வேகத்துக்கு, மின்சாரத்தைக் குறைத்து விடும் ஒரு ரெசிஸ்டர் இருக்கும். அது போனால் குறைந்த வேகம் மட்டும் போய்விடும், சூடு மிக ஏறிய பிறகு முழு வேகத்தில்தான் கிளம்பும். மாறாக முழு வேகத்தின் ரிலே போனால், ஃபேன் எப்போது பார்த்தாலும் ஓடும், ஆனால் ஏசி போட்ட நெரிசலுக்கு அந்தக் காற்று போதாது. "ஃபேன் ஓடுகிறதே" என்ற பதில் பலரை ஏமாற்றுவது இங்கேதான்.

ஊ) ஒரு தாளை ரேடியேட்டருக்கு முன்னால், கிரில் பக்கம் பிடியுங்கள். இன்ஜின் பக்கம் பொருத்திய ஃபேன் ஓடும்போது தாள் உள்ளே இழுக்கப்பட்டு ஒட்டிக்கொள்ள வேண்டும். வெளியே தள்ளினால் யாரோ ஒயரை மாற்றி இணைத்திருக்கிறார்கள். மெதுவாக நழுவி விழுந்தால் இழுவிசை போதவில்லை. ஃபேனைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் கூடு உடைந்திருந்தாலோ, பழைய பழுதின்போது திரும்ப மாட்டாமல் விட்டிருந்தாலோ இப்படி ஆகும். அந்தக் கூடு இருந்தால்தான் ஃபேன் ரேடியேட்டரின் முழுப் பரப்பிலிருந்தும் காற்றை இழுக்கும்.

சில ஜீப்புகளிலும் பெரிய வண்டிகளிலும் ஃபேன் இன்ஜினோடு பெல்ட்டில் ஓடும், நடுவில் பிசுக்குத் திரவம் நிறைந்த கிளட்ச் இருக்கும். இன்ஜின் நன்றாகச் சூடேறியபின் அணைத்துவிட்டு ஃபேனைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருக்க வேண்டும். லேசாகத் தள்ளியதும் பல சுற்றுச் சுற்றினால் கிளட்ச் போய்விட்டது.

5. காற்றுப் போகும் வழி

ஏசியின் சூட்டை வெளியே விடும் கண்டன்சர் முன்னால், ரேடியேட்டர் பின்னால் என்று இரண்டும் ஒட்டி நிற்கும். முன்னால் நின்று பார்த்தால் கண்டன்சர் சுத்தமாகத் தெரியும். அழுக்கு அவற்றுக்கு நடுவில் இருக்கும். பூச்சி, காய்ந்த இலை, தூசி எல்லாம் எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து கம்பளி போலப் படிந்துவிடும். மேலிருந்து டார்ச் அடித்து அந்த இடுக்கைப் பாருங்கள். இன்ஜின் ஆறியபின், இன்ஜின் பக்கமிருந்து முன்பக்கமாகச் சாதாரணக் குழாய்த் தண்ணீரை மெல்ல அடியுங்கள். ஹை பிரஷர் வாஷர் வேண்டாம், மெல்லிய தகடுகள் மடங்கிவிடும். கிரில்லை மறைக்கும் கூடுதல் விளக்கு, அலங்காரத் தட்டு இருந்தால் கழற்றுங்கள். வண்டிக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டு காணாமல் போயிருந்தால் திரும்பப் போடுங்கள், காற்றைச் சரியான வழியில் திருப்புவதில் அதற்கும் பங்கு உண்டு.

6. மூடி

இத்தனை சிறிய பொருளை யாரும் சந்தேகப்படுவதில்லை. ஆனால் சோதித்துப் பார்ப்பதை விட மாற்றுவது மலிவு. தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் சாதாரண அழுத்தத்தில் சுமார் 107 டிகிரியில் கொதிக்கும். நல்ல மூடி 13 முதல் 16 பிஎஸ்ஐ வரை அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால் அந்த எல்லை 130 டிகிரிக்குப் பக்கத்தில் போகிறது. ரப்பர் வெடித்த மூடி அந்த இருபது டிகிரிச் சலுகையை இல்லாமல் செய்துவிடும். மேலே பொறித்திருக்கும் அதே எண் உள்ள மூடியையே வாங்குங்கள்.

7. தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப்

குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பி, ரேடியேட்டரின் மேல் குழாயைத் தொட்டுப் பாருங்கள். வழக்கமான அமைப்பில் முதலில் அது ஓரளவு குளிர்ந்தே இருக்கும், தெர்மோஸ்டாட் திறந்ததும் சட்டென்று சூடேறும். இன்ஜின் 100 டிகிரியில் இருக்க, குழாய் இன்னும் வெதுவெதுப்பாகவே இருந்தால் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை, அல்லது திரவம் ஓடவில்லை. சந்தேகம் இருந்தால் கழற்றி, ஒரு பாத்திரத் தண்ணீரில் தெர்மாமீட்டரோடு போட்டுச் சூடாக்குங்கள். அதில் பொறித்த டிகிரிக்குப் பக்கத்தில் திறக்கத் தொடங்க வேண்டும், தண்ணீர் கொதிக்கும்போது அகலத் திறந்திருக்க வேண்டும்.

"தெர்மோஸ்டாட்டையே எடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இன்ஜின் உரிய சூட்டுக்கு வராமல் எரிபொருள் வீணாகும், தேய்மானம் கூடும். உண்மையான கோளாறு அப்படியே உள்ளே இருக்கும்.

வாட்டர் பம்ப்புக்கு ஒரு எளிய சோதனை: நின்ற வண்டியில் முள் ஏறும்போது, நியூட்ரலில் வைத்து இன்ஜினை நிமிடத்துக்கு 2000 சுற்றுக்கு உயர்த்திப் பாருங்கள். சூடு இறங்கத் தொடங்கினால், ஆக்சிலரேட்டர் மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது (ஐட்லிங்) பம்ப் போதிய அளவு திரவத்தைத் தள்ளவில்லை, அல்லது கூலன்ட் குறைவு. பெல்ட்டில் ஓடும் ஃபேன் உள்ள வண்டியில் மட்டும் இந்தச் சோதனை குழப்பும், ஏனென்றால் சுற்றைக் கூட்டினால் ஃபேன் வேகமும் கூடும். பம்ப்பின் அடியில் ஒழுகல், பேரிங்கில் அரைக்கும் சத்தம் இரண்டும் தெளிவான அடையாளங்கள். சில பம்ப்புகளில் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் சக்கரம் அச்சிலிருந்து நழுவிவிடும், வெளியே எதுவும் தெரியாது. உங்கள் காரில் பம்ப் டைமிங் பெல்ட்டில் ஓடினால் இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள். கூலி ஒருமுறைதான்.

8. ஹெட் கேஸ்கெட் போயிருக்குமோ?

நெரிசலில் மட்டும் ஏறி இறங்கும் காருக்கு இது முதல் சந்தேகமாக இருக்கக் கூடாது. ஆனால் சூடான நிலையில் நிறைய ஓட்டியிருந்தால் பார்த்தாக வேண்டும். வெளியே ஒழுகாமலே கூலன்ட் குறைவது, சூடேறிய பிறகும் புகைக்குழாயில் இனிப்பு வாசனையோடு வெள்ளைப் புகை, ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருப்பது, தொட்டியில் விடாமல் குமிழி வருவது, இரவு முழுக்க ஆறிய பிறகும் குழாய் கல் போல இறுகியிருப்பது. இவற்றில் ஒன்றாவது இருந்தால் வண்டியை ஓட்டாதீர்கள். மெக்கானிக்கிடம் கூலன்டில் எரிந்த வாயு கலக்கிறதா என்று சோதனை செய்யச் சொல்லுங்கள். ஒரு நீலத் திரவத்தின் வழியாகத் தொட்டியின் காற்றை இழுப்பார்கள், பெட்ரோல் இன்ஜினின் எரிந்த வாயு அதில் இருந்தால் திரவம் மஞ்சளாகும். பத்து நிமிட வேலை, சிறிய செலவு. இதைச் செய்யாமல் இன்ஜினைப் பிரிக்க யாருக்கும் சம்மதம் கொடுக்காதீர்கள்.

9. ஒர்க்‌ஷாப்பில் விடும்போது

உங்கள் குறிப்புத் தாளின் நகல், கோளாறுக் குறியீட்டின் கைபேசிப் படம், பழைய பில்கள், வாரன்ட்டி அட்டை எல்லாவற்றையும் கையில் கொண்டுபோங்கள். முடிந்தால் முள் ஏறும்போதும், ஃபேன் நிற்கும்போதும் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். இது விட்டு விட்டு வரும் கோளாறு. ஆறிய வண்டியை அவர்கள் பார்க்கும்போது எல்லாம் சரியாகவே இருக்கும். அதனால் ஜாப் கார்டில் "ஏசி போட்டு, நின்ற நிலையில், ஃபேன் குறைந்தது ஐந்து முறை கிளம்பி நிற்கும் வரை சோதிக்கவும்" என்று எழுத வையுங்கள். வாய்ப் பேச்சு மாலைக்குள் மறந்துபோகும்.

செலவை இப்படி எண்ணிக்கொள்ளலாம். ஃபியூஸ், ரிலே, மூடி, சுத்தம் செய்வது எல்லாம் கீழ்ப் படிக்கட்டு. தெர்மோஸ்டாட், கூலன்ட், சென்சார் அதற்கு மேல். ஃபேன் மோட்டார் அதற்கும் ஒரு படி மேல், பல கார்களில் மோட்டார் தனியாகவும் கிடைக்கும், கூட்டோடு முழுதாகவும் கிடைக்கும், இரண்டுக்கும் விலை கேளுங்கள். ரேடியேட்டரும் வாட்டர் பம்ப்பும் இன்னும் மேலே. ஹெட் கேஸ்கெட்டில் உதிரிப் பாகத்தின் விலை குறைவு, கூலிதான் பெரிது. கீழ்ப்படிகளைச் சோதித்ததற்கு ஆதாரம் இல்லாமல் மேல்படிக்கு ஏறாதீர்கள். ரேடியேட்டரை மாற்ற வேண்டும் என்று சொன்னால் "எதை அளந்து இந்த முடிவுக்கு வந்தீர்கள்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் ரேடியேட்டரின் முகத்தில் இடம் இடமாக அளந்தால், உள்ளே அடைபட்ட பகுதி குளிர்ந்து தெரியும். அளந்து காட்டச் சொல்லலாம்.

மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள், பாகமும் கூலியும் தனித்தனியாக. கழற்றிய பழைய பாகத்தைத் திரும்பக் கேளுங்கள். நேரம்: ஃபேன் அல்லது தெர்மோஸ்டாட் அரை நாள், ரேடியேட்டர் ஒரு நாள், டைமிங் பெல்ட்டோடு பம்ப் ஒன்று முதல் இரண்டு நாள். ஹெட் கேஸ்கெட் என்றால் மேல்தலையைச் சமப்படுத்தக் கடைசலுக்கு அனுப்புவார்கள், ஒரு வாரம் வரை ஆகலாம். காப்பீட்டை எதிர்பார்க்க வேண்டாம். வழக்கமான மோட்டார் காப்பீடு இயந்திரக் கோளாறை ஏற்பதில்லை. வாரன்ட்டி இருந்தாலும், சூடான வண்டியைத் தொடர்ந்து ஓட்டியதால் வந்த சேதம் என்று தெரிந்தால் மறுக்க இடம் உண்டு. அதனால்தான் முதல் நாளிலிருந்தே குறிப்பு எழுதச் சொல்கிறேன்.

10. கூலன்ட் நிரப்புவதில் கவனம்

எந்தப் பாகத்தை மாற்றினாலும் பெரும்பாலும் கூலன்டை வடித்து மறுபடி நிரப்ப வேண்டியிருக்கும். நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கையேட்டில் சொன்ன வகையையே வாங்குங்கள். ஒத்துவராத இரண்டு வகை கலந்தால் கூழ் போல உறைந்து குழாய்களை அடைக்கும். அடர்கூலன்டைக் காய்ச்சி வடித்த தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலக்க வேண்டும். குழாய்த் தண்ணீரின் உப்பு உள்ளே படியும். ஒழுகலை அடைக்கும் பொடி, திரவம் எதையும் ஊற்றாதீர்கள், ஹீட்டரின் மெல்லிய குழாய்களையும் சேர்த்து அடைத்துவிடும்.

நிரப்பும்போது ஹீட்டரைச் சூட்டில் வைத்து, முன்சக்கரங்கள் சற்று உயர்ந்த இடத்தில் நிறுத்தி, மெல்ல ஊற்றுங்கள். காற்று வெளியேற்றும் திருகு இருந்தால், குமிழி இல்லாமல் திரவம் வரும் வரை திறந்து வையுங்கள். உள்ளே காற்று மாட்டினால் பழுது சரியான பிறகும் வண்டி சூடாகும், நல்ல பாகத்தை மறுபடி சந்தேகப்படுவீர்கள்.

வடித்த கூலன்டைத் தரையில் விடாதீர்கள், சாக்கடையில் கொட்டாதீர்கள். பெரும்பாலான கூலன்டில் இருக்கும் எத்திலீன் கிளைகால் விஷம், ஆனால் இனிக்கும். நாயும் பூனையும் நக்கிக் குடித்துச் சாகும். குழந்தைகள் கைக்கு எட்டாத மூடிய டப்பாவில் சேர்த்து, ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

11. சரியாகிவிட்டதா?

வண்டியைத் திரும்ப எடுத்த அன்றே, ஒர்க்‌ஷாப் வாசலிலேயே சோதியுங்கள். ஏசி முழுதாக, வண்டி நின்ற நிலையில், முப்பது நிமிடம். பிறகு ஏசியை அணைத்து மேலும் பத்து நிமிடம், ஃபேன் தானாகக் கிளம்பி நிற்கிறதா என்று பார்க்க. புதிய மோட்டார் போட்ட பிறகு என் காரில் 98ல் கிளம்பியது, 93ல் நின்றது. ஒன்பது சுற்று எண்ணினேன், ஒன்றுகூடப் பிசகவில்லை.

மறுநாள் காலை, இன்ஜின் ஆறியபின், கூலன்ட் தொட்டியின் வெளிப்பக்கம் மார்க்கர் பேனாவால் மட்டத்தில் ஒரு கோடு போடுங்கள். முதல் இரண்டு நாளில் மிச்சக் காற்று வெளியேறிக் கொஞ்சம் இறங்கலாம். அந்த அளவுக்கு நிரப்பிப் புதுக் கோடு போடுங்கள். இரண்டு வாரம் தினமும் காலையில் ஒரு பார்வை. அதற்குப் பிறகும் கோட்டை விட்டு இறங்கினால் 3ஆம் படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.